பதினாறு தகடு, ஒரு கையெழுத்து

வெல்டருக்குத் தன் அக்கா மேல் முப்பத்தேழு வருஷக் கோபம் ஒன்று உண்டு. ஏழாம் வகுப்பில் மூன்று தேர்விலும் மண்ணைக் கவ்வியவர், மார்க் அட்டையில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டார். சும்மா கிறுக்கவில்லை. பழைய நோட்டில் நாற்பது தடவை போட்டுப் பழகி, சுழி, வால், அடிக்கோடு எதுவும் பிசகாமல் போட்டார். வாத்தியாருக்கே சந்தேகம் வரவில்லை. வீட்டில் பிடிபட்டது அக்காவால். அடுத்த வாரம் அப்பா பையைப் பிடுங்கி வைத்துவிட்டு அவரைப் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். அன்று இரும்பைத் தொட்ட கைதான். இன்று அவருக்கு ஐம்பது வயது, சொந்தப் பட்டறை, ஊரில் பாதி ஜன்னல் அவர் செய்தது. ஆனாலும் யாராவது படிப்பைப் பற்றிப் பேசினால், "எங்கக்கா மட்டும் அன்னைக்கு வாயை மூடிட்டு இருந்திருந்தா" என்று ஆரம்பித்துவிடுவார்.

"இருந்திருந்தா மட்டும் கலெக்டர் ஆயிருப்பீங்களா?" என்பாள் மனைவி.

"ஆகியிருக்க மாட்டேன்னு நீ கண்டியா?"

அப்படிப்பட்டவருடைய அக்கா, ஐம்பத்தொரு வயதில் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்தாள் என்றால் அவருக்கு எப்படி இருக்கும்? அதுவும் எதற்கு? இந்தோனேசிய மொழியும் பண்பாடும் படிக்க.

அக்கா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சலவைக் கடையில் இருபத்திரண்டு வருஷம் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்றவள். துணியை எண்ணி வாங்குவது, சீட்டு எழுதுவது, அறுந்த பித்தானைத் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. கப்பல் வந்து நின்றால் இந்தோனேசிய மாலுமிகள் மூட்டை மூட்டையாகச் சட்டை கொண்டுவந்து போடுவார்கள். சட்டையை எண்ணி எண்ணியே அவர்கள் மொழியில் நூறு வரைக்கும் கற்றுக்கொண்டாள். அவர்கள் அவளை 'ஈபு கன்ச்சிங்' என்று கூப்பிட்டார்கள். பித்தான் அம்மா என்று அர்த்தம். கப்பல் மாறும், ஆள் மாறும், அந்தப் பெயர் மட்டும் மாறவில்லை. ஒரு கப்பல்காரன் அடுத்த கப்பல்காரனிடம் சொல்லிவிட்டுப் போவானோ என்னவோ.

சேர்ந்த அன்று வெல்டர் நேராகவே கேட்டார். "இந்த வயசுல எதுக்குக்கா இதெல்லாம்?"

"இருபத்திரண்டு வருஷமா என் எதிர்ல நின்னு சட்டையைத் தூக்கிப் பார்த்துப் பார்த்து சிரிக்கிறானுங்கடா. எதுக்குச் சிரிக்கிறானுங்கன்னு தெரிஞ்சுக்காம நான் கண்ணை மூட மாட்டேன்."

இரண்டாம் வருஷம் தெரிந்தது. ஒரு மாலுமி சொன்ன வாக்கியம் அவள் காதில் அப்படியே தங்கியிருந்தது. ஒரு நாள் வகுப்பில் பாடத்தின் நடுவே அது தானாக அவிழ்ந்துகொண்டதாம். 'இந்த அம்மா போடுற கஞ்சியில சட்டை தானா நிக்குது, நாம தூங்கலாம், சட்டையை ராத்திரிக் காவலுக்கு அனுப்பிடலாம்.' அக்கா வகுப்பிலேயே வாய்விட்டுச் சிரித்து, பேராசிரியை பாடத்தை நிறுத்தி, என்னவென்று கேட்டு, அவரும் சிரித்து, அன்றைக்குப் பாடமே நடக்கவில்லை.

இத்தனைக்கும் அந்த வகுப்பில் மொத்தம் ஐந்து பேர். மற்ற நாலும் இருபது வயசுப் பிள்ளைகள். மூன்று பெண்கள், ஒரு நெட்டைப் பையன். பேராசிரியை பாலித் தீவிலிருந்து வந்தவர், குள்ளமாய், எப்போதும் பென்சிலால் கொண்டை போட்டிருப்பார். அக்காவைவிடப் பதினைந்து வயது இளையவர். அக்கா அவரை டீச்சர் என்பாள், அவர் அக்காவை ஈபு என்பார். ஆக இரண்டு பேருமே ஒருவருக்கொருவர் பெரியவர்கள்.

மூன்றாம் வருஷத்தின் நடுவில் விஷயம் பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

அன்று வெல்டர் ஒரு பள்ளிக்கூட கேட்டுக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா குடையை மடக்கியபடி உள்ளே வந்து, கருப்புக் கண்ணாடி மாட்டிய அவர் முகத்துக்கு நேரே ஒரு தாளை நீட்டினாள்.

"உன்னை நம்பி ஒரு வார்த்தை கொடுத்துட்டேன்."

"என்னைக் கேக்காமயா?"

"கேட்டா முடியாதும்ப. அதான்."

கதை இதுதான். பண்பாட்டுப் பாடத்தில் கடைசித் தேர்வு எழுத்துத் தேர்வு இல்லை, வாசித்துக் காட்ட வேண்டும். பாலியில் ஊர்கூடி வாசிக்கிற கம்லான் என்கிற வாத்தியக் கூட்டம். இத்தனை வருஷமும் ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டு எழுதிச் சமாளித்தார்கள். இந்த வருஷம் முதல் கையால் வாசித்தால்தான் மார்க் என்று மேலிடத்து உத்தரவு. அங்கிருந்து வாத்தியம் தருவிக்கப் பத்து மாதம் ஆகும், தேர்வுக்கு இருப்பதோ ஆறு வாரம். இதில் தேறாவிட்டால் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். பட்டம் தள்ளிப்போனால், முடிக்கிறவர்களுக்கு அந்த நாட்டிலேயே ஒரு வருஷம் தங்கிப் படிக்கக் கிடைக்கிற இடமும் போய்விடும். மேற்படி இடத்துக்கு வயது வரம்பு ஐம்பத்தைந்து. அக்காவுக்கு ஐம்பத்துநாலு முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"நாலு வாத்தியம், ஒவ்வொண்ணுலயும் நாலு இரும்புத் தகடு, அடியில குழாய். அப்புறம் ஒரு பெரிய தகடு, அது காங்குங்கிற பெரிய வெண்கலச் சேகண்டிக்குப் பதிலா. அங்கேயே ஏழைப்பட்ட ஊர்ல வெண்கலத்துக்குப் பதிலா இரும்புலதான் பண்றாங்களாம். எங்க தம்பி பட்டறை வச்சிருக்கான்னு சொன்னேன், டீச்சர் எந்திரிச்சு நின்னுட்டாங்க."

வெல்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் தாளைப் பார்த்தார். அளவு, படம், ஒவ்வொரு தகடும் எந்த ஒலியில் பேச வேண்டும் என்பதற்கு எண்கள், எல்லாம் அக்காவின் கையெழுத்தில் இருந்தன. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் படத்தில் தகடு கயிற்றில் தொங்குகிற விதத்தைப் பார்த்ததும் வாய் தானாக, "இந்த ஆணி நிக்காதே, இதுக்கு ரப்பர் வாஷர் போடணும்" என்றது.

அவ்வளவுதான், சிக்கிக்கொண்டார்.

தண்ணீர்க் குழாய்க்கு வெட்டி மீந்த பிளாஸ்டிக் பைப் இருந்தது. பட்டை இரும்பு இருந்தது. பெரிய தகட்டுக்கு அடியில் வைக்கப் பழைய எண்ணெய் டிரம் ஒன்றைக் கழுவிக் கவிழ்த்தார். போனில் ஒலியை எண்ணாகக் காட்டுகிற ஒன்றை மனைவி இறக்கிக் கொடுத்தாள். தகட்டைத் தட்டினால் எண் வரும். நுனியைத் தேய்த்தால் எண் ஏறும், நடுவில் அடிப்பக்கம் தேய்த்தால் இறங்கும். இதை யாரும் சொல்லித் தரவில்லை, இரண்டு தகட்டை நாசம் பண்ணி அவரே கண்டுபிடித்தார். கண்டுபிடித்த அன்று மனைவியிடம் மூன்று தடவை சொன்னார். மூன்றாம் தடவை அவள், "நீங்க வேணா ப்ரொபசரா போயிடுங்களேன்" என்றாள்.

தாளில் ஒரே ஒரு இடத்தில்தான் அவருக்கு இடித்தது. வாத்தியங்கள் ஜோடி ஜோடியாக இருந்தன. ஜோடிக்கு இரண்டு வரிசை எண். ஆனால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. இடது வரிசையில் 412 என்றால் வலது வரிசையில் 419. அடுத்தது 455, பக்கத்தில் 462. எல்லாவற்றிலும் அப்படி ஒரு சின்னப் பிசகு.

வெல்டர் சிரித்துக்கொண்டார். ஜன்னலுக்கு இரண்டு கதவு கேட்கிறவன், ஒன்று ஏழு நூல் அதிகம் என்று எழுதிக் கொடுத்தால் எந்த மடையனாவது அப்படியே வெட்டுவானா? இரண்டு தடவை அளந்திருக்கிறார்கள், இரண்டாம் தடவை கை ஆடியிருக்கிறது. படித்தவர்கள் அளவு எடுத்தால் இப்படித்தான். அவர் வலது வரிசையை பென்சிலால் அடித்துவிட்டு, இரண்டு ஜோடியையும் இடது வரிசைக்கே தேய்த்தார். 412 என்றால் 412, 411 இல்லை, 413 இல்லை. பத்து நாள் அந்த வேலை நடந்தது. கேட் கீலுக்கு ஆள் வந்து வந்து திரும்பிப் போனான்.

இந்தப் பத்து நாளில் அக்காவால் இன்னொரு தொல்லை. செய்து வைத்த வாத்தியத்தை யாரும் தாண்டக் கூடாதாம். பட்டறையோ எட்டடி அகலம். ஒரு நாள் அவசரத்தில் வெல்டர் ஒன்றைத் தாண்டிவிட்டார்.

"டேய்! நில்லு. திரும்பி வா. பெர்மிசி சொல்லு."

"என்ன சொல்லணும்?"

"பெர்மிசி. மன்னிச்சுக்கோ, வழி விடுன்னு அர்த்தம். அங்க எல்லாரும் சொல்லுவாங்க. வாத்தியத்துக்கு உசிரு உண்டு."

"இதை வாங்கி வரும்போது வண்டியில இது மேலதான்கா உக்காந்து வந்தேன். அப்ப ஒண்ணும் சொல்லலையே."

"அப்ப அது இரும்பு. இப்ப அது வாத்தியம். சொல்லு."

"பெர்மிசி" என்றார் வெல்டர், தகட்டைப் பார்க்காமல் கூரையைப் பார்த்து. அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது. ஒரு நாள் பட்டறை வாசலில் படுத்திருந்த நாயிடம் கூடச் சொல்லிவிட்டுத் தாண்டினார்.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கையில் பேராசிரியை பார்க்க வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சுத்தியலை எடுத்து ஒரு தகட்டைத் தட்டினார், முகம் மலர்ந்தது. அதன் ஜோடியைத் தட்டினார், தலையாட்டினார். பிறகு அக்காவை எதிரில் உட்காரச் சொல்லி இரண்டு பேரும் சேர்ந்து ஒரே நேரத்தில் தட்டினார்கள். பேராசிரியையின் முகம் அப்படியே நின்றது. மறுபடி தட்டினார். இன்னொரு ஜோடியைத் தட்டினார். கொண்டையிலிருந்து பென்சிலை உருவிக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப மெதுவாக, "தீடாக் ஹிடுப்" என்றார்.

"என்னவாம்?" என்றார் வெல்டர்.

அக்கா சொல்லத் தயங்கினாள். "வேலை ரொம்ப சுத்தமா இருக்காம்."

"ரெண்டே வார்த்தைதான் சொன்னாங்க. நீ இவ்வளவு சொல்ற."

"உயிர் இல்லையாம்."

பிறகு பேராசிரியை கையை ஆட்டி ஆட்டி விளக்க, அக்கா தமிழில் சொன்னாள். ஜோடியில் ஒன்று கொஞ்சம் தாழ்ந்தும் ஒன்று கொஞ்சம் உயர்ந்தும் பேச வேண்டும். ஒன்று மூச்சு விடும், இன்னொன்று மூச்சு இழுக்கும். சேர்ந்து தட்டினால் ஒலி அலையடிக்க வேண்டும். ஒரே மாதிரி இருந்தால் அது ஒரே வாத்தியம், இரண்டு இல்லை. அந்த ஏழுதான் உயிர்.

"நான் தாள்ல தெளிவா எழுதியிருந்தேனேடா. நானூத்திப் பத்தொம்பதுன்னு."

"தப்புன்னு நினைச்சேன்!" என்று கத்தினார் வெல்டர். "ஏன் அப்படின்னு ஒரு வார்த்தை பக்கத்துல எழுதினா என்ன? படிச்சவங்க புத்தியே இதுதான். நாங்க பத்து நாள் உக்காந்து தேய்ச்சது கண்ணுக்குத் தெரியாது. தப்பைக் கண்டுபிடிக்க மட்டும் முதல் ஆளா வந்து நிக்கிறது. அன்னைக்கும் அப்படித்தான், இன்னைக்கும் அப்படித்தான்."

"என்னைக்கு?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காத. மார்க் அட்டை. அப்பாகிட்ட போட்டுக் கொடுத்தியே."

பேராசிரியைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அக்கா தம்பி சண்டைக்கு எந்த மொழியும் வேண்டியதில்லை போலிருக்கிறது. அவர் மெல்ல எழுந்து வாசலுக்குப் போய்ப் பாதி முடிந்த கேட்டை ரொம்ப ஆர்வமாகப் பார்க்கத் தொடங்கினார்.

அக்கா சுத்தியலைக் கீழே வைத்தாள். "நான் போட்டுக் கொடுக்கலடா."

"பின்ன?"

"சிரிச்சேன். உன் பையிலேருந்து அட்டை விழுந்துச்சு, எடுத்துப் பார்த்தேன். மூணு கையெழுத்து. மூணும் அச்சு அடிச்ச மாதிரி. அப்பா என்னைக்குடா ரெண்டு தடவை ஒரே மாதிரி கையெழுத்துப் போட்டிருக்காரு? ஒரு நாள் வால் நீளும், ஒரு நாள் சுழியே இருக்காது. பேங்க்ல மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க அவரை. நீ அவரை விட நல்லா போட்டிருந்தே. சிரிப்பை அடக்க முடியல. அப்பா திண்டுல சாஞ்சிருந்தவரு எதுக்குடி சிரிக்கிறேன்னு அட்டையை வாங்கிப் பார்த்துட்டாரு."

வெல்டர் முப்பத்தேழு வருஷமாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைக்க இடம் தெரியாமல் நின்றார். கடைசியில், "சிரிச்சாலும் சொன்னாலும் ஒண்ணுதான்" என்றார். குரலில் முன்பிருந்த காரம் இல்லை. பிறகு, "என்னோடது நிஜமாவே அவ்வளவு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"பிரமாதமா இருந்துச்சு. அதான் மாட்டிக்கிட்ட."

அன்று மத்தியானமே ஜோடிகளில் வலது வாத்தியங்களின் எட்டுத் தகட்டையும் கழற்றினார். நுனியைத் தேய்த்து 412-ஐ 419-க்கு ஏற்ற வேண்டும். தானாகச் சரியாக்கப் பழகிய கையை வேண்டுமென்றே பிசக வைப்பது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. ஒரு தகடு 423-க்கு ஓடிவிட்டது, நடுவில் அடிப்பக்கம் தேய்த்து இழுத்துப் பிடித்தார். நாலாம் நாள் முதல் ஜோடி முடிந்தது. மனைவியை எதிரில் உட்கார வைத்து, "நான் மூணு சொன்னதும் தட்டு" என்றார்.

தட்டினார்கள். ஒலி எழும்பி, நிற்காமல், உள்ளேயே சுருண்டு சுருண்டு அலைந்தது. வூங், வூங், வூங் என்று தகட்டிலிருந்து கிளம்பிச் சுவரில் சாத்தியிருந்த கம்பிகளையும் லேசாக நடுங்க வைத்தது.

"அட, இது எனக்குத் தெரிஞ்ச சத்தம்டி" என்றார் வெல்டர்.

தெரிந்ததுதான். பட்டறையில் இரண்டு கிரைண்டரும் ஒன்றாக ஓடினால் இதே அலை வரும். இருபது வருஷமாக அதை பேரிங் கோளாறு என்று நினைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

தேர்வன்று காலை வாத்தியங்களை வேனில் ஏற்றி, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் மாடிக்குத் தானே தூக்கிக்கொண்டு போனார். நீள அறை, சுவரில் தீவுகளின் பெரிய வரைபடம், மின்விசிறிகளை ஒலிக்காக நிறுத்தியிருந்தார்கள். இறக்கி வைத்துவிட்டு நழுவப் பார்த்தவரை அக்கா கையைப் பிடித்து நிறுத்தினாள். நெட்டைப் பையனுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கி முகம் பூசணிக்காயாக வீங்கிவிட்டது, வரமாட்டான். பெரிய தகட்டை அடிக்க ஆள் இல்லை. அது இல்லாவிட்டால் சுற்று எங்கே முடிகிறது என்று மற்றவர்களுக்குத் தெரியாது.

"எட்டு எண்ணு. எட்டுல அடி. அவ்வளவுதான்."

"வெளியாள் அடிச்சா ஒத்துக்குவாங்களா?"

"டீச்சர் கேட்டுட்டாங்க. மார்க் எங்க நாலு பேருக்குத்தான். உனக்குக் கிடையாது. அதனால பயப்படாம அடி."

தேர்வாளர்கள் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். வெல்டர் டிரம்முக்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார், நல்ல சட்டையின் அக்குள் அதற்குள் நனைந்திருந்தது. அக்கா தலையசைத்தாள். ஆரம்பித்தார்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று. எட்டில் அடித்தார். அறை முழுக்க நிரம்பியது. மறுபடி எட்டு. கடிகாரம் மாதிரி அடித்தார், சுற்றுக்குச் சுற்று பிசகவில்லை, தேர்வாளர் ஒருவர் பேனாவால் மேசையில் கூடவே தட்டினார். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசிச் சுற்றில் அக்காவும் அந்தப் பெண்களும் திடீரென்று மெதுவாக ஆரம்பித்தார்கள். இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் எண்ணிக்கை ஏழுக்கு வந்துவிட்டது, அவர்கள் ஐந்தில்தான் இருந்தார்கள். கை ஓங்கி நின்றது. எண்ணின எண் அடி என்றது. எதிரே அக்கா எண்ணாமல் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள், தோள் மெல்ல ஏறியது. வெல்டர் எண்ணுவதை விட்டுவிட்டு அந்தத் தோளைப் பார்த்தார். அது இறங்கியபோது அடித்தார்.

ஒலி அலைந்து அலைந்து அடங்கியது. பிறகு நடுவில் இருந்த தேர்வாளர் வெல்டரைக் காட்டி, "இவர் எந்த வருஷம்?" என்று கேட்டார்.

"ஏழாவதுல நின்னவரு" என்றாள் அக்கா.

நாலு பேரும் தேறினார்கள். வீங்கிய முகத்துக்கு அடுத்த மாதம் தனியாக வைத்து அவனும் தேறினான். அக்காவுக்கு அங்கே போகக் கடிதம் வந்த அன்று, பள்ளிக்கூட கேட்டுக்கும் கடைசியாகக் கீல் வந்து சேர்ந்தது.

விமான நிலையத்துக்கு வெல்டர்தான் வேனில் கொண்டுபோனார். அக்கா பெட்டியில் பாதி இடத்தைப் பித்தான் டப்பாவும் ஊசி நூலும் அடைத்திருந்தன. அங்கேயும் யாருக்காவது அறுந்திருக்குமாம். மனைவி அழுதாள், அக்கா அவளைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினாள்.

"ஒரு வேலை இருக்கு உனக்கு."

"தகடு எதுவும் தேய்க்கணுமா?"

"அதெல்லாம் நல்லா இருக்கு, கையை வைக்காத. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புதுப் பிள்ளைங்களுக்குப் பயிற்சி. நான் போயிட்டா என் வாத்தியம் சும்மா கிடக்கும். அதோட ஜோடி மட்டும் தனியா என்னத்தை வாசிக்கும்? டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். நீ போய் என் இடத்துல உக்காரு."

"நானா? காலேஜுக்கா? விளையாடுறியா?"

"என்னைக் கேக்காம நான் வார்த்தை கொடுக்கலையா, அது மாதிரிதான். செருப்பை வாசல்ல விடு. எதையும் தாண்டாத."

"நீ உன்னைக் கேக்காம கொடுக்கலக்கா, என்னைக் கேக்காம கொடுத்தே."

"ஏதோ ஒண்ணு." அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவு வரை போய்விட்டாள். கதவு திறந்தது. உள்ளே காலை வைத்தவள் திரும்பி, வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் கேட்கும்படி கத்தினாள்.

"டேய், உள்ள போகும்போது நோட்டுல கையெழுத்துக் கேப்பாங்க. உன்னோடதைப் போடு!"